பாவம் பார்த்தால் முழங்கால் மடங்காது!



முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் இப்போதெல்லாம் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது நடக்கிறது. எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எவ்வளவு செலவு, இன்ஷூரன்ஸ் கிடைக்குமா என்று ஆறு மாசம் விசாரிக்கிறோம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு மூன்று மாசம் யார் என்ன செய்வது என்று ஒரு அஞ்சு நிமிஷமாவது உட்கார்ந்து பேசுகிறோமா? டாக்டர் வேலை ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்து விடுகிறது. மீதி வேலை முழுக்க வீட்டில்தான். அந்த வீட்டு வேலையைக் கெடுப்பவை இரண்டு விஷயங்கள் என்பது என் கருத்து. ஒன்று, 'பாவம், படுத்திருக்கட்டும்' என்கிற பரிதாபம். இன்னொன்று, எல்லாப் பொறுப்பையும் ஒரே ஒரு பெண் தலையில் கட்டி விடுவது. இந்த இரண்டும் சேர்ந்தால் லட்ச லட்சமாகக் கொட்டி வைத்த புது மூட்டு கூட மடங்காமல் போய்விடும்!

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். என் அத்தைக்கு (கணவரின் அம்மா) வயது 66. போன வருஷம் தை மாசம் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வலது காலில் ஆபரேஷன் ஆனது. முப்பது வருஷம் தரையில் குத்த வைத்து அருவாமனையில் காய் நறுக்கி, அம்மியில் அரைத்து, குடம் குடமாகத் தண்ணி தூக்கியவர்கள். எட்டு வருஷமாகக் கால் வலியோடு நடந்தார்கள். கடைசியில் வாசலில் கோலம் போட்டுவிட்டு எழுந்திருக்க முடியாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலைமை. மூட்டுத் தேய்மானம் ஆண்களை விடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ஆனால் ஆபரேஷன் என்றதும் 'அடுப்படியை யார் பார்ப்பது' என்று தள்ளிப் போடுகிறவர்களும் நாம்தானே!

இது ஏதோ புதுசாக வந்த வைத்தியம் இல்லை. 2000-ம் வருஷம் அக்டோபரில், பிரதமராக இருந்த வாஜ்பாய்க்கு மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இடது முழங்காலிலும், அடுத்த வருஷம் ஜூனில் வலது முழங்காலிலும் இதே ஆபரேஷன் நடந்தது. அப்போது அதைப் பேப்பரில் படித்து, 'பிரதமருக்குத்தான் இதெல்லாம் கட்டுப்படியாகும்' என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். பிறகு 2017 ஆகஸ்டில் மூட்டுக் கருவிகளின் விலைக்கு மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேலே விற்றுக்கொண்டிருந்த கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது 54,720 ரூபாய் (வரி தனி) என்று நிர்ணயம் செய்தார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்து கொண்டவர்களும் எங்கள் பக்கத்தில் உண்டு. அதனால் நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டுகிற காரியமாகிவிட்டது. நல்ல விஷயம். ஆனால் ஆபரேஷன் எட்டிய அளவுக்கு அதற்கப்புறம் செய்ய வேண்டியது என்ன என்கிற விவரம் வீடுகளுக்கு எட்டவில்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'முழங்காலையே வெட்டி எடுத்துவிட்டு இரும்புக் கால் வைக்கிறார்கள்' என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தொடை எலும்பின் அடி முனையும், கீழ்க்கால் எலும்பின் மேல் முனையும் தேய்ந்து போயிருக்கும். அந்தத் தேய்ந்த பாகத்தை மட்டும் சீவி எடுத்துவிட்டு உலோகத்தால் தொப்பி மாதிரி மாட்டுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் வழுக்கிக் கொடுக்க ஒரு பிளாஸ்டிக் பாகம். அவ்வளவுதான். தசை, தோல், நரம்பு எல்லாம் நம்முடைய பழையதுதான்! அது வெட்டுப்பட்டு ஆறுகிறபோது உள்ளே தழும்பு கட்டும். காலை மடக்காமல் நீட்டாமல் வைத்திருந்தால் அந்தத் தழும்பு இறுகி, மூட்டையே பூட்டுப் போட்ட மாதிரி பிடித்துக் கொள்ளும். வெளியே தையல் ஆறுவதற்காக இரண்டு வாரம் கழித்துப் பார்த்துக் கொள்ளலாம் என்றால், உள்ளே அதற்குள் இறுக ஆரம்பித்துவிடும். அதனால்தான் ஆபரேஷன் ஆன அன்றோ மறுநாளோ வாக்கரைக் கொடுத்து எழுந்து நிற்க வைத்து விடுகிறார்கள். மூன்று, நான்கு நாளில் வீட்டுக்கும் அனுப்பி விடுகிறார்கள். அங்கே ஆரம்பிக்கிறது நம் கதை.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. எங்கள் அத்தைக்கு ஆறு மாசம் முன்னாடி அவர்களுக்கும் இதே ஆபரேஷன். பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள். அம்மாவைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. சாப்பாடு கட்டிலுக்கே வரும். வலிக்கிறது என்று சொன்னால் போதும், 'இன்னிக்கு வேண்டாம்மா, நாளைக்குச் செய்துக்கலாம்' என்று பயிற்சியை நிறுத்தி விடுவார்கள். முழங்காலுக்கு அடியில் மெத்தென்று ஒரு தலையணை. அதில் கால் லேசாக மடங்கி இருக்கும்போது அந்த அம்மாவுக்கு சுகமாக இருக்கும். பார்க்க வந்தவர்கள் எல்லாம், 'எப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெத்திருக்கே!' என்று மெச்சிவிட்டுப் போனார்கள். இரண்டரை மாசம் கழித்துப் பார்த்தால் அந்தக் காலை முழுசாக நீட்டவும் முடியவில்லை, நாற்காலியில் உட்காரும் அளவுக்கு மடக்கவும் முடியவில்லை. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்து, மயக்க மருந்து கொடுத்து டாக்டர் மடக்கி விட்டார். இன்றைக்கும் பஸ் படியில் ஏற ஒருத்தர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. பாசத்துக்கு அங்கே குறைச்சலே இல்லை. பாசம் மட்டும்தான் இருந்தது!

அந்தத் தலையணை விஷயத்தை மட்டும் எல்லோரும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். தலையணையோ சுருட்டின துண்டோ வைப்பதாக இருந்தால் குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டும். முழங்காலுக்கு அடியில் வைக்கவே கூடாது. குதிகாலுக்கு அடியில் வைத்தால் முழங்கால் தன் பாரத்திலேயே நீண்டு கொடுக்கும். கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். ஆனால் நாளைக்கு நேராக நடப்பது அதில்தான் இருக்கிறது.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். எங்களுக்கு பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லிக் கொடுத்தது ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. படுத்தபடி கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது (ரத்தம் உறையாமல் இருக்க). முழங்காலைக் கட்டிலோடு சேர்த்து அழுத்தி பத்து எண்ணுவது. காலை நீட்டியபடியே கொஞ்சம் தூக்கி நிறுத்துவது. குதிகாலைப் படுக்கையில் உரசியபடி உடம்பை நோக்கி இழுப்பது. அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு, நல்ல காலால் மற்ற காலை மெதுவாகப் பின்னால் தள்ளி மடக்குவது. ஒரு நாளைக்கு மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம், அரை மணி. அதற்கு அரை மணி முன்னாடி டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை. முடிந்ததும் துணியில் சுற்றின ஐஸ் கட்டி, கால் மணி நேரம். கூட இருப்பவர் பலம் போட்டு மடக்கக் கூடாது. பக்கத்தில் நின்று எண்ண வேண்டும், தைரியம் சொல்ல வேண்டும், விட்டுவிட்டு ஓட விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

கேட்க சுலபமாக இருக்கிறது இல்லையா? எந்த நேரத்தில் என்று பாருங்கள். காலை ஏழு மணி, மத்தியானம் பன்னிரண்டு, சாயந்திரம் ஆறு. இந்த மூன்று நேரமும் அடுப்பு எரிகிற நேரம்! எங்கள் திண்டுக்கல்லில் தண்ணி வருகிற நாளாக இருந்தால் காலையில் குழாயடி வேலை வேறு. ஒரு பக்கம் இட்லிச் சட்டி, ஒரு பக்கம் பிள்ளைக்கு டிபன் டப்பா, இன்னொரு பக்கம் மோட்டார். இதற்கு நடுவில் அரை மணி நேரம் அத்தை கால்மாட்டில் நின்று எண்ணுவதற்கு மூன்றாவது கை எங்கே இருக்கிறது? ஆக, எது விட்டுப்போகும்? சோறு விட்டுப்போகாது, தண்ணி விட்டுப்போகாது, பயிற்சிதான் விட்டுப்போகும். வலிக்குப் பயந்த நோயாளியும் 'சரி, வேண்டாம்' என்று சந்தோஷமாக ஒத்துக்கொள்வார். பெரும்பாலான வீடுகளில் முழங்கால் மடங்காமல் போவதற்கு டாக்டரும் காரணமில்லை, வயசும் காரணமில்லை. அந்த நேரத்துக்கு வீட்டில் ஆள் இல்லாததுதான் காரணம். ஆள் இருக்கிறார்கள், பேப்பர் படித்துக்கொண்டு!

எங்கள் வீட்டில் நான் இதை ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முந்தின நாளே பேசிவிட்டேன். "காலைப் பயிற்சி உங்க பொறுப்பு" என்று என் கணவரிடம் சொன்னேன். "நான் எப்படி அம்மா காலைப் பிடிக்கிறது? அதெல்லாம் பொம்பளைங்க பார்க்கிற வேலை" என்றார். "பிடிக்க வேண்டாம், பக்கத்தில் நின்னு எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு எண்ணத் தெரியும்தானே?" என்றேன். சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அடுத்த பிரச்னை அத்தையிடமிருந்து வந்தது. "ஏம்மா, மகன் முன்னாடி சேலையைத் தூக்கிட்டுக் காலை நீட்டிட்டு இருக்கச் சொல்றியா?" என்று ஒரே அழுகை. அதுவும் நியாயம்தானே! வாழ்க்கையில் நைட்டியே போட்டறியாதவர்கள். என் நாத்தனார் இரண்டு முழு நைட்டியும் உள்ளே போட்டுக்கொள்ள இரண்டு பைஜாமா பேண்ட்டும் வாங்கி வந்தார்கள். "நோயாளிக்கு என்ன அத்தை வெட்கம், வெளி ஆளா பார்க்கிறாங்க?" என்று நானும் நாத்தனாரும் மாறி மாறிச் சொல்லி சம்மதிக்க வைத்தோம். நாலாம் நாள் அத்தையே, "தம்பி, நேரமாச்சு, வா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

மத்தியானம் என் முறை. சாயந்திரம் எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் முறை. அவன்தான் எங்கள் எல்லோரையும் விடக் கறாரான வாத்தியார். "அப்பத்தா, ஏழுதான் ஆச்சு, பத்து வரணும்" என்று விடமாட்டான். சுவரில் தேதி காலண்டர் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, செய்த வேளைக்கு ஒரு கோடு போட்டு வைத்தான். ஞாயிற்றுக்கிழமை மூன்று வேளையும் என் கொழுந்தனார் வந்து பார்த்துக்கொண்டார். அன்றைக்கு நான் தலைக்குக் குளித்து, கோவிலுக்குப் போய், கொஞ்சம் தூங்கி எழுந்தேன். இரண்டு வாரத்தில் தையல் பிரித்தபோது கால் கிட்டத்தட்ட நாற்காலியில் உட்காரும் அளவுக்கு, அதாவது தொண்ணூறு டிகிரி, மடங்கியது. ஆறாவது வாரம் வாக்கரை வைத்துவிட்டுக் கம்புக்கு வந்தார்கள். மூன்றாம் மாசம் தெருமுனைப் பிள்ளையார் கோவிலுக்குக் கம்பும் இல்லாமல் போய் வந்தார்கள். ஒவ்வொரு உடம்புக்கும் கணக்கு வேறு வேறாக இருக்கும். ஆனால் கோடு போட்ட தாள் எல்லா வீட்டுக்கும் பொது.

'மாமியாருக்குச் செய்வது மருமகள் கடமைதானே, இதையெல்லாம் பெரிசாக எழுத வந்துவிட்டாயே' என்று சிலர் நினைக்கலாம். செய்ய மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ராத்திரி எழுப்பினால் பாத்ரூம் கூட்டிப் போவது எல்லாம் நான்தான் செய்தேன், மனசாரச் செய்தேன். ஆனால் கடமை என்று சொல்லிவிட்டால் ஒருத்திக்கு நாலு கை முளைத்து விடுமா? மருமகள் இடுப்பு ஒடிந்து படுத்தால் அப்புறம் மாமியாரை யார் பார்ப்பது? ஆம்பளைகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமே என்பார்கள். காலையில் அரை மணி நேரம் போதும். அதுகூடப் பெற்ற தாய்க்கு ஒதுக்க முடியாத வேலை எந்த ஊரில் இருக்கிறது?

இன்னொரு அநியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு ஆம்பளைக்கு ஆபரேஷன் என்றால் மூன்று மாசம் ராஜ மரியாதை. அதே ஆபரேஷன் அந்த வீட்டு அம்மாவுக்கு என்றால், முதல் வாரம் 'பாவம், அசையாதே' என்பார்கள். வாக்கரோடு அடுப்படி வரை நடந்து வந்துவிட்டால் போதும், 'நின்னுட்டுத்தானே இருக்கே, ரசம் மட்டும் வச்சுடறியா?' என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருபதாவது நாளே மாவாட்டி, துணி துவைத்து, மாலையானால் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி அழுதார்கள். படுக்கப் போட்டே வைப்பதும் தப்பு, வேலை வாங்குவதும் தப்பு. வீட்டு வேலை செய்தால் அதுவே பயிற்சி என்று நினைக்காதீர்கள். ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றால் வீக்கம்தான் வரும், முழங்கால் மடங்காது. பயிற்சி வேறு, பாத்திரம் தேய்ப்பது வேறு. பெண்களாகிய நாமும், 'பரவாயில்லை, என்னால் முடியும்' என்று கிளம்பி விடுகிறோமே, அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, பார்க்க வருகிற சொந்தக்காரர்கள். ஆப்பிளும் ஹார்லிக்சும் ஒரு கையில், யோசனை ஒரு கையில்! 'பருப்பு சேர்க்காதே, சீழ் பிடிக்கும்', 'முட்டை, பால் ஆகாது' என்று ஒருத்தர். புண் ஆறுவதற்கே பருப்பும் முட்டையும் பாலும்தான் வேண்டும் என்று எங்கள் டாக்டர் சொன்னார். சர்க்கரை உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதுதான் உண்மையான பத்தியம். அது ஏறினால் புண் ஆறாது, கிருமியும் சுலபமாகப் பிடிக்கும். 'தைலம் போட்டு உருவி விட்டால் சரியாயிடும், எனக்குத் தெரிஞ்ச வைத்தியர் இருக்கார்' என்று இன்னொருத்தர். தையல் போட்ட இடத்தில் எண்ணெய், பத்து, விபூதி எதுவும் படக் கூடாது. உருவுவதும் கூடவே கூடாது. 'உன் கால் இன்னும் சூடா இருக்கே, உள்ளே என்னமோ ஆயிடுச்சு' என்று மூன்றாவது ஆள் கிளப்பி விடுவார். லேசான சூடும் வீக்கமும் சில மாசம் வரை இருக்கத்தான் செய்யும். தழும்புக்குப் பக்கத்தில் தொட்டால் மரத்த மாதிரி இருப்பதும் சகஜம். வருகிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்று சொன்னேன்: "அத்தைகிட்ட நல்ல பேச்சுப் பேசுங்க. வைத்தியம் மட்டும் டாக்டர்கிட்ட விட்டுடுங்க." சிலருக்குக் கோபம்தான். இருக்கட்டுமே! ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆனால் எதற்கு டாக்டரிடம் ஓட வேண்டும் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கெண்டைக்கால் திடீரென்று கல் மாதிரி இறுகி வலித்து வீங்கினால், தையலில் நீரோ சீழோ வடிந்தால், சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், குளிர் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காமல் 108-க்குப் போன் செய்ய வேண்டும். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையை, 'நல்லாத்தானே இருக்கேன்' என்று பாதியில் நிறுத்தக் கூடாது. பிற்பாடு பல் பிடுங்கப் போனாலும், 'செயற்கை மூட்டு வைத்திருக்கிறது' என்று பல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

வீட்டைத் தயார் செய்வதையும் ஆபரேஷனுக்கு முன்னாடியே முடித்துவிட வேண்டும். வந்த பிறகு கொத்தனாரைத் தேடினால் நடக்காது. முக்கியமானது கக்கூஸ். குத்த வைக்கும் கக்கூஸ் மட்டும் உள்ள வீடுகளில், நடுவில் ஓட்டை போட்ட கமோடு நாற்காலி வாங்கி அதன் மேலேயே போட்டுவிடலாம். மருந்துக் கடைகளிலும், ஆஸ்பத்திரிச் சாமான் விற்கும் கடைகளிலும் கிடைக்கிறது, வாடகைக்கும் சில இடங்களில் தருகிறார்கள். பக்கத்துச் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி. கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் ஆடாத மரக்கட்டை கொடுத்து உயர்த்த வேண்டும். உட்கார, கை வைத்த உயரமான நாற்காலி. கை இல்லாத லேசான பிளாஸ்டிக் நாற்காலி சறுக்கி விட்டுவிடும். கால்மிதி, பாய், ஒயர் எல்லாவற்றையும் நடக்கிற வழியிலிருந்து எடுத்துவிட வேண்டும். தரை துடைத்தால் காய்கிற வரை அவர்களை எழ விடக் கூடாது. ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கு எரியட்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். எங்கள் வீட்டு வாசலில் மூன்று படி. 'நல்லது மேலே, நொந்தது கீழே' என்று என் மகன் பாட்டாகவே பாடுவான்.

மனசையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். முதல் ஒரு மாசம் ராத்திரித் தூக்கம் சரியாக வராது. பகலில் சிரித்துப் பேசியவர்கள், ராத்திரி இரண்டு மணிக்கு, 'எதுக்கு இதைப் பண்ணிக்கிட்டேன், பழைய வலியே தேவலை' என்று அழுவார்கள். பிள்ளைகளுக்குச் செலவு வைத்துவிட்டோமே என்கிற உறுத்தல் வேறு. அப்போது, 'எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், ஆறு வாரம் தாண்டினால் படிப்படியாகக் குறையும்' என்று எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதை அந்த நேரத்தில் மகன் சொன்னால் தாய்க்கு இன்னும் தெம்பு. வலி மாத்திரையால் மலச்சிக்கல் வந்து அவதிப்படுவதையும் வெளியே சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். கீரை, பழம், தண்ணி தாராளமாகக் கொடுக்க வேண்டும், தேவைப்பட்டால் டாக்டரிடம் மருந்து கேட்க வேண்டும்.

'எங்கள் வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும்தான், வீட்டுக்காரர் வெளியூர்' என்று எழுதப் போகும் சகோதரிகளே, உங்களுக்கும் வழி இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள் பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கு வரச் சொல்லலாம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பழக்கூடை வாங்கி வருவதற்குப் பதில் அந்தச் செலவை ஏற்றுக்கொள்ளட்டும். நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதையும் சேர்த்திருந்தார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள். பயிற்சி நேரத்தில் வீடியோ கால் போட்டு, மும்பையிலோ துபாயிலோ இருக்கும் மகனே பத்து எண்ணட்டுமே! அதற்குக் காசா, பணமா? மதியச் சமையலைக் காலையிலேயே முடித்து, மூன்று மாசத்துக்கு ஒரு குழம்பு, ஒரு பொரியல் என்று குறைத்துக்கொண்டால் யாருக்கும் உடம்பு இளைத்துவிடாது.

எல்லாம் சரியான பிறகும் தரையில் சம்மணம் போட்டு உட்காருவது, குத்த வைப்பது இரண்டும் வேண்டாம் என்றுதான் எங்கள் டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் அருவாமனை பரணுக்குப் போய்விட்டது. அத்தை இப்போது நாற்காலியில் உட்கார்ந்து மேஜையில் கத்தியால் நறுக்குகிறார்கள். கோலம் என் பொறுப்பு. 'புள்ளி கோணலா இருக்கு' என்று திண்ணையிலிருந்து குறை சொல்வது மட்டும் அவர்கள் பொறுப்பு!

முடிவாக நான் சொல்ல வருவது இதுதான். ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன்னால் வீட்டில் எல்லோரும் ஒரு நாள் சாயந்திரம் சேர்ந்து உட்காருங்கள். பணத்துக்குக் கணக்குப் போடுகிற மாதிரியே ஆளுக்கும் நேரத்துக்கும் கணக்குப் போடுங்கள். காலை யார், மத்தியானம் யார், ராத்திரி யார், ஞாயிற்றுக்கிழமை யார் என்று பேர் போட்டு எழுதி சுவரில் ஒட்டுங்கள். அதில் ஒரு ஆம்பளை பேராவது கட்டாயம் இருக்க வேண்டும். அந்தத் தாள் தயாரான பிறகு டாக்டரிடம் தேதி வாங்குங்கள். தாள் தயாராகவில்லை என்றால், பணம் தயாராக இருந்தாலும் உங்கள் வீடு இன்னும் ஆபரேஷனுக்குத் தயாராகவில்லை என்றுதான் அர்த்தம்.

என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே? உங்கள் வீட்டில் அந்த மூன்று மாசத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று நீங்களும் எழுதுங்களேன். அடுத்த ஆபரேஷனுக்குத் தயாராகும் இன்னொரு வீட்டுக்கு அது உதவியாக இருக்கும்.

— ஒரு வாசகி, திண்டுக்கல்